முதலில் வட்டு, பிறகுதான் எமுலேட்டர்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்து வந்தவர்கள் இரண்டு வகையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சாரார் நாற்பதைத் தொட்டவர்கள். பள்ளி விடுமுறையில் பிளேஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள். இன்னொரு சாரார் அவர்கள் பெற்ற பிள்ளைகள். இரு சாராரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எந்த எமுலேட்டர் நல்லது, அண்ணே?" பதில் சொல்கிறேன். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்களிடம் இருப்பது என்ன வட்டு, அது இன்னும் ஒழுங்காகப் படிக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

பெரியவர்களுக்காக ஒரு வரி. எமுலேட்டர் என்பது உங்கள் கணினியை வேறொரு இயந்திரமாக நடிக்க வைக்கும் மென்பொருள். 1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிளேஸ்டேஷனுக்குள் இருந்தது சுமார் 34 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலி, 2 மெகாபைட் நினைவகம், இரட்டை வேக சி.டி. டிரைவ். பத்து வயதான மடிக்கணினிக்குக்கூட அந்த வேடம் போடுவது சிரமமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கணினியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கவலை வட்டில் இருக்கிறது.

வட்டைப் பற்றிப் பேசினால் நம் ஊர்க் கதையைப் பேசாமல் முடியாது. தொண்ணூறுகளின் கடைசியில் இந்த ஜாலான் துன் சம்பந்தனில் பாட்டு கேசட்டும் படத்து வி.சி.டி.யும் விற்ற கடைகள் ஞாபகம் இருக்கும். விளையாட்டு வட்டு வேண்டுமென்றால் இம்பி பிளாசா, பிறகு லோயாட். அவ்வளவு தூரம் போக வேண்டாமென்றால் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. சில வெள்ளிக்கு ஒரு ஆட்டம். அட்டையில் மங்கிய அச்சு, உள்ளே பிளாஸ்டிக் உறை. அசல் வட்டின் விலை அந்தக் காலத்துச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

அசல் பிளேஸ்டேஷன் வட்டின் அடிப்பக்கம் கறுப்பு. அந்தக் கறுப்பில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்று அப்போது எல்லாரும் நம்பினோம். உண்மையில் அது வெறும் சாயம்; லேசர் ஒளி அதை ஊடுருவிப் போய்விடும். பாதுகாப்பு வேறொரு இடத்தில் இருந்தது. வட்டின் உட்பகுதியில் தடம் மிக நுண்ணிய அளவில் நெளியும். அந்த நெளிவில் நான்கு எழுத்து ஒளிந்திருக்கும்; கடைசி எழுத்து ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. வீட்டு சி.டி. ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. ஏனென்றால் வெற்று வட்டிலேயே அதற்கென ஒரு நெளிவு ஏற்கெனவே பொறித்திருக்கும். திருட்டு வட்டு ஓடுவதற்காகக் கடைக்காரர் பிளேஸ்டேஷன் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன சிப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்தாரே, அந்தச் சிப் செய்த வேலை ஒன்றுதான்: வட்டு சொல்லாத நான்கு எழுத்தை வட்டின் சார்பில் தானே ஓதுவது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் யாரும் வட்டு அச்சடிக்கக் கூடாது, அச்சடிக்கும் வட்டில் உற்பத்தியாளர் குறியீடு இருக்க வேண்டும் என்றது. 2007இல் லக்கி, ஃப்ளோ என்று இரண்டு லாப்ரடார் நாய்களை அமெரிக்கத் திரைப்படச் சங்கத்தார் இங்கே அனுப்பிவைத்தார்கள். வட்டின் பிளாஸ்டிக் வாடையை மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்டவை. ஜோகூர் பாருவில் மட்டும் லட்சக்கணக்கான வட்டுகள் பிடிபட்டன. திருட்டு வட்டுக் கும்பல் அந்த நாய்களின் தலைக்கே விலை வைத்ததாகச் செய்தி வந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அசல் வட்டுக்கும் போலி வட்டுக்கும் அந்த நாய்களுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே வாடைதான். பிரித்துப் பார்ப்பது மனிதன் வேலை.

அந்த வேலையை இப்போது நீங்கள் உங்கள் வீட்டில் செய்ய வேண்டியிருக்கிறது. முதல் பிளேஸ்டேஷன் வட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பச்சை, நீலம், தங்கநிறம் என்று மினுங்கினால் அது சி.டி. ரைட்டரில் எழுதப்பட்ட வட்டு. தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். நம் ஊர் வெயிலும் ஈரமும் அந்தச் சாயத்தைத் தின்னும். வெள்ளியாக இருந்தால் திருட்டு ஆலையில் அச்சடித்ததாக இருக்கலாம். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அசல். ஆனால் கறுப்பு நிற வெற்று வட்டுகளும் விற்றார்கள் என்பதால், நடுத்துளையைச் சுற்றிய கண்ணாடிப் பட்டையில் பொறித்த எண்வரிசை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2க்கு இந்த நிறக் கணக்கு உதவாது. அதன் டி.வி.டி. வட்டுகள் எல்லாம் சாதாரண வெள்ளிதான், சி.டி.யாக வந்த சில மட்டும் நீலம்.

திருட்டு வட்டைப் படியெடுக்க மெனக்கெடாதீர்கள் என்பது என் கருத்து. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவற்றில் பல குறை வட்டுகள். சேகா டிரீம்காஸ்ட் நல்ல எடுத்துக்காட்டு. அதன் அசல் வட்டு ஜி.டி.-ராம் என்ற தனி வகை, சுமார் 1 கிகாபைட் கொள்ளும். 700 மெகாபைட் சி.டி.க்குள் அதைத் திணிக்கப் படக்காட்சியை நசுக்கினார்கள், இசையை வெட்டினார்கள். நாம் சின்ன வயதில் ஆடியது அந்த வெட்டுப்பட்ட ஆட்டத்தைத்தான். அதையே பாதுகாத்து என்ன பயன்?

இனி வட்டுக்குள் போவோம். இந்த ஒரு பகுதியை மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சி.டி.யில் தகவல் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு துண்டு 2352 பைட். ஒரு நொடிக்கு 75 துண்டு. 74 நிமிட வட்டில் 3,33,000 துண்டு. பிளேஸ்டேஷன் ஆட்டத்தில் சாதாரணத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் ஆட்டத்தின் தகவல் 2048 பைட் மட்டும்தான். மிச்சத்தில் துண்டின் முகவரி, அது எந்த வகை என்ற குறிப்பு, கீறல் விழுந்தால் சரிசெய்யும் கணக்கு எல்லாம் இருக்கும். படக்காட்சியோடு ஓடும் குரலுக்கும் இசைக்கும் வேறு ஏற்பாடு: சரிசெய்யும் கணக்கைக் குறைத்துவிட்டு 2324 பைட் வரை தகவலை நிரப்புவார்கள். ஒலியில் ஒரு துளி போனால் போகட்டும், இடம் மிஞ்சினால் போதும் என்ற கணக்கு.

ஐ.எஸ்.ஓ. என்று ஒரு கோப்பு வகை இருக்கிறதே, எல்லாருக்கும் பழக்கமான பெயர். அது துண்டுக்கு 2048 பைட்டை மட்டும் எடுத்து வைக்கும். கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுவது மாதிரி. முகவரியும் முத்திரையும் உறையோடு போய்விடும். அப்படி எடுத்த பிளேஸ்டேஷன் ஆட்டம் தொடங்கும், பட்டியல் வரும், முதல் படக்காட்சி வந்ததும் உறைந்து நிற்கும். பழியெல்லாம் எமுலேட்டர் மேல் விழும்.

பாட்டு விஷயம் இன்னொன்று. அந்தக் காலத்து ஆட்டங்கள் பலவற்றில் பின்னணி இசை சாதாரண சி.டி. பாட்டாகவே தனித் தடங்களில் பதிவாகியிருக்கும். வீட்டு சி.டி. பிளேயரில் போட்டால் பாடும். தகவல் தடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள், பெரும்பாலும் அது முதல் தடம். அது இரைச்சலாக வந்து ஸ்பீக்கரைப் பதம் பார்க்கும். சேகா சாட்டர்ன், அதற்கும் முன்னால் 1988 டிசம்பரில் வந்த பி.சி. எஞ்ஜின் சி.டி. ஆகிய விளையாட்டு இயந்திரங்களில் இந்தப் பழக்கம் ரொம்ப அதிகம். ஐ.எஸ்.ஓ.வில் பாட்டுத் தடத்துக்கு இடமே கிடையாது. ஆட்டம் ஓடும், ஊமையாக ஓடும்.

ஆகவே பிளேஸ்டேஷன், சாட்டர்ன் காலத்து சி.டி.களுக்கு பின் (.bin), கியூ (.cue) என்ற இரட்டைக் கோப்பாக எடுங்கள். பின் கோப்பில் 2352 பைட்டும் அப்படியே இருக்கும். கியூ என்பது எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சின்ன உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். கோப்பின் பெயரை மாற்றினால் கியூவுக்குள் இருக்கும் பெயரையும் மாற்ற வேண்டும். "ஆட்டம் திறக்கவில்லை" என்று வருகிறவர்களில் பாதிப் பேருடைய சிக்கல் இதுதான். பிளேஸ்டேஷன் 2இன் டி.வி.டி.க்கு மட்டும் ஐ.எஸ்.ஓ. போதும், அங்கே துண்டே 2048தான்.

எடுப்பது எப்படி? இப்போதைய மடிக்கணினியில் டிரைவ் இருக்காது; யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வட்டமான கீறல் தடத்தின் போக்கிலேயே போய் நீளமாக அழிக்கும். குறுக்குக் கீறலை வட்டின் சரிசெய்யும் கணக்கு சமாளித்துவிடும். படம் அச்சிட்ட மேல்பக்கத்தைத்தான் அதிகம் காக்க வேண்டும். சி.டி.யின் தகவல் படலம் அந்த அச்சுக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது, மேலே அது கிடையாது. வட்டின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதிய அண்ணன்மார் இங்கே இருந்தால், அந்த வட்டை முதலில் எடுங்கள்.

விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2013இல். இன்றைக்கும் வேலை செய்கிறது. பிளேஸ்டேஷன் வட்டைப் போட்டால் பின், கியூவாகவே எடுத்துத் தரும். வேகத்தைக் குறைத்து வைத்து, பிழை எதுவும் வருகிறதா என்று பாருங்கள்.

எடுத்த படி சரியானதா என்று எப்படித் தெரியும்? ரீடம்ப் என்றொரு திட்டம் இருக்கிறது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் தங்கள் வட்டுகளைப் படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தை அங்கே தருவதில்லை, எண்ணை மட்டும் தருகிறார்கள். உங்கள் கோப்பின் எண்ணும் அங்கே இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு பிட்கூடப் பிசகவில்லை என்று பொருள். பாட்டுத் தடம் உள்ள வட்டில் எண் பொருந்தாமல் போனால் உடனே பயப்பட வேண்டாம். ஒவ்வொரு டிரைவும் பாட்டைச் சற்று முன்னே பின்னே படிக்கும். அதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்ய ரீடம்பர் போன்ற தனிக் கருவிகள் இருக்கின்றன. தொடக்கத்தில் அதெல்லாம் வேண்டாம். ஒரே தடம் உள்ள ஆட்டத்தில் பழகுங்கள்.

இடம் போதவில்லை என்றால் சி.எச்.டி. என்ற வகைக்கு மாற்றலாம். மேம் என்ற பழைய ஆர்கேட் எமுலேட்டர் திட்டத்தில் பிறந்த வகை இது. ஒரு பிட்டும் இழக்காமல் சுருக்கும், வேண்டும்போது மறுபடியும் பின், கியூவாக விரிக்கலாம்.

அடுத்தது பயாஸ். பிளேஸ்டேஷனுக்கு மின்சாரம் கொடுத்ததும் ஒரு முழக்கத்தோடு சின்னம் வருமே, அதைக் காட்டும் 512 கிலோபைட் நிரல்தான் பயாஸ். பெரும்பாலான எமுலேட்டர்கள் இதைக் கேட்கும். இது சோனியின் சொத்து, ஆகவே எமுலேட்டரோடு சேர்த்துத் தர மாட்டார்கள். உங்கள் இயந்திரத்திலிருந்து நீங்களே எடுத்துக்கொள்வதுதான் நேர்வழி.

இதன் பின்னால் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. 1999 ஜனவரியில் மேக் கணினிக்கு வர்ச்சுவல் கேம் ஸ்டேஷன் என்ற எமுலேட்டரை கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் கொண்டுவந்தது. ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில் அதைக் காட்டினார். சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது: ஓர் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று அறிவதற்காக அதன் பயாஸை இடையில் படியெடுத்து ஆராய்வது நியாயமான பயன்பாடு. பிறகு சோனி அந்த மென்பொருளையே விலைக்கு வாங்கி மூடிவிட்டது. பிளீம் என்ற இன்னொரு நிறுவனமும் நீதிமன்றத்தில் வென்றது. வழக்குச் செலவிலேயே நொடித்து 2001இல் கடையைக் கட்டியது. இதே சோனி 2018 டிசம்பரில் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டியை விற்றபோது, அதற்குள் வைத்தது பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்ட் என்ற திறந்தமூல எமுலேட்டர்! ஆர்வலர்கள் ஊதியமில்லாமல் எழுதிய நிரல்.

நம் நாட்டுச் சட்டத்தை யாராவது கேட்பீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, கணினி நிரலின் அசல் படியை வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ பயன்படுத்த மாற்றுப்படி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 36அ பிரிவு, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழும் என்பதை விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் தெளிவு: அசல் கையில் இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்பவருக்கு 40ஆம் பிரிவில் இடம் இல்லை.

சரி, இப்போது அந்த இரண்டாவது கேள்வி. முதல் பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன். பிளேஸ்டேஷன் 2க்கு பி.சி.எஸ்.எக்ஸ்.2, இதற்குக் கொஞ்சம் வலுவான கணினி வேண்டும், ஏனென்றால் அந்த இயந்திரத்தில் முதன்மைச் செயலியோடு இரண்டு வெக்டர் செயலிகளும் ஒரே நேரத்தில் ஓடும். சாட்டர்னுக்கு மெட்னாஃபென். இரண்டு செயலி, இரண்டு வரைகலைச் சிப் என்று தாறுமாறாகக் கட்டிய இயந்திரம் அது, எமுலேட்டர் எழுதியவர்களைப் பல ஆண்டு படுத்தியது. டிரீம்காஸ்ட் ஜி.டி.-ராமின் முக்கியப் பகுதியைச் சாதாரணக் கணினி டிரைவ் படிக்காது, கேம்கியூபின் 8 சென்டிமீட்டர் வட்டையும் படிக்காது; அவற்றைப் படியெடுக்கப் பெரும்பாலும் விளையாட்டு இயந்திரமே வேண்டும் என்பதால் முதல் முயற்சிக்கு உகந்தவை அல்ல.

அமைப்புகளை முதல் நாளே திருகாதீர்கள். படத்தை நாலு மடங்கு கூர்மையாக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தக் காலத்து ஓவியர்கள் மங்கலான டியூப் டிவிக்காக வரைந்தார்கள். கூர்மையாக்கினால் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் பல்லிளிக்கும். சுவர் கோடுகள் நெளிந்து நடுங்குவதைப் பார்த்துக் கோளாறு என்று எண்ண வேண்டாம். பிளேஸ்டேஷன் முழு எண்ணில் மட்டுமே வடிவக் கணக்குப் போட்டது, அசல் இயந்திரத்திலும் அப்படித்தான் நெளியும். பிடிக்காதவர்களுக்கு அதை நேராக்கும் வசதி டக்ஸ்டேஷனில் உண்டு. ஐரோப்பியப் பதிப்பு வட்டு இருந்தால் அது நொடிக்கு 50 படத்தில் ஓடும், ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்பு 60இல் ஓடும்; மெதுவாகத் தோன்றினால் காரணம் அதுவாக இருக்கலாம். நினைத்த இடத்தில் உறையவைக்கும் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பியிராதீர்கள். எமுலேட்டரின் பதிப்பு மாறினால் அது திறக்காமல் போகலாம். ஆட்டத்துக்குள் இருக்கும் மெமரி கார்டு சேமிப்பையும் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் நின்று பேசுவதால் ஓர் ஆட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு இந்தத் தெருக்களில் நடப்பவர்கள் நமக்கு அண்டை வீட்டார். 1997இல் கென்ஜி ஏனோ என்ற ஜப்பானியர் சேகா சாட்டர்னுக்கு ரியல் சவுண்ட் என்ற ஆட்டத்தை உருவாக்கினார். அதில் படமே கிடையாது. திரை வெறுமையாக இருக்கும். குரலும் ஓசையும் இசையும் கதையை நடத்தும், மணி ஒலித்ததும் எந்த வழி என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வையற்ற ரசிகர்கள் தன் ஆட்டங்களை ஓசையை வைத்தே ஆட முயல்வதை அறிந்த பிறகு அவர் செய்தது இது. ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கிறது என்பது நமக்குப் பெரிய தடைதான். ஆனால் ஒரு வட்டிலிருந்து ஒலியை ஏன் ஒரு பிட் பிசகாமல் எடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நம் பக்கத்து வட்டுகளும் இருக்கின்றன. 2009இல் ஹைதராபாத்தில் உருவான ஹனுமான்: பாய் வாரியர், கபடியும் பட்டமும் கொண்ட தேசி அட்டா, இரண்டும் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த இந்திய ஆட்டங்கள். ஆட்டமாகப் பார்த்தால் சுமார் ரகம்தான், மறைக்க வேண்டாம். ஃபைனல் ஃபேண்டஸி 7 போன்ற பேர்போன ஆட்டத்தைக் காப்பாற்ற உலகமே இருக்கிறது. இவற்றைக் காப்பாற்ற நாம்தான் மெனக்கெட வேண்டும். இந்தியாவிலிருந்து உறவினர் யாராவது வாங்கி வந்து உங்கள் வீட்டில் கிடந்தால், தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.

எமுலேட்டர் அடுத்த ஆண்டு இன்னும் மேம்பட்டு வரும், காத்திருக்கலாம். வட்டு காத்திருக்காது. அரங்கின் பின்புற மேசையில் என் மடிக்கணினியும் யு.எஸ்.பி. டிரைவும் இருக்கின்றன. அசல் வட்டு கொண்டு வந்திருப்பவர்கள் தேநீர் குடித்துவிட்டு அங்கே வாருங்கள். படியெடுத்து, ஹாஷ் எண்ணையும் ஒரு தாளில் எழுதித் தருகிறேன். பென்டிரைவ் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.